மாக்கோலத்தில் விழாத குதிகால்

“தானா சரியாயிடும், விடு.” 2021 ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், அடுப்பில் பாலை வைத்துவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு என் தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டது சின்னக் கேள்விதான். “அக்கா, இவன் குதிகாலை ஊன்றவே மாட்டேங்குறான்க்கா. எக்கி எக்கியே நடக்குறான். உன் பொண்ணும் இப்படித்தானே நடந்தா, டாக்டர் என்ன சொன்னார்?” அவள் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. என் மகளும் அதே வயதில் நுனிக்காலில்தான் நடந்தாள். டாக்டரிடம் காட்டினோம். தானாகச் சரியாகிவிடும் என்றார், அப்படியே ஆனது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பால் பொங்குவதற்குள் பேச்சும் முடிந்துவிட்டது. அவளுக்கு நிம்மதி. தங்கச்சிக்குத் தைரியம் சொன்ன திருப்தி எனக்கு.

அந்த வார்த்தை நாலு வருஷமாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் அது பொய்யான வார்த்தை இல்லை. நடை பழகும் வயதில் குழந்தைகள் நுனிக்காலில் நடப்பது சாதாரணம். மூன்று வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மேலும் தொடர்கிற குழந்தைகளிலும் பலருக்கு எந்த நோயும் இருக்காது. ஸ்வீடனில் 1,436 குழந்தைகளை ஐந்தரை வயதில் பார்த்துக் கணக்கெடுத்து 2012இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஐந்து பேர் இப்படி நடப்பவர்கள், அல்லது முன்பு நடந்தவர்கள். அவர்களில் பாதிக்கு மேல் அந்த வயதிலேயே நிறுத்தியிருந்தார்கள். காரணம் ஏதும் இல்லாமல் அப்படி நடந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில், பத்து வயதுக்குள் ஐந்தில் நாலு பேர் சிகிச்சையே இல்லாமல் சரியாக நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆக, நான் சொன்னது உண்மைதான். உண்மையைச் சொல்லியும் ஒரு குழந்தையின் பதினாலு மாதம் என்னால் எப்படிப் போனது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

என் மகளைப் பார்த்த டாக்டர்

2017இல் மதுரையில் அவளைக் காட்டினோம். அந்த டாக்டர் முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். காலைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது, குதிகால் பக்கம் கடையில் வாங்கியபோது இருந்த வரி அப்படியே இருந்தது. பிறகு அவளை வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கவிட்டார். “பாப்பா, குதிகால்ல மட்டும் நின்னு காட்டு பாக்கலாம்” என்றார். அவள் கையை விரித்துக்கொண்டு, விரல்களைத் தூக்கி, பென்குயின் மாதிரி நாலடி நடந்தே காட்டினாள். குத்தவைத்து உட்காரச் சொன்னார். தரையில் சம்மணம் போட்டு உட்காரவைத்து, எழுந்து வரச் சொன்னார். கையை எங்கேயும் ஊன்றாமல் துள்ளி எழுந்தாள்.

அப்புறம் படுக்கவைத்து, முழங்காலை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை, பாதத்தை மேல்நோக்கி வளைத்துப் பார்த்தார். கெண்டைக்காலையும் குதிகாலையும் சேர்க்கிற தசைநாண் இறுகியிருக்கிறதா என்று அதில் தெரியுமாம். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளி அப்படியே பிடித்துக்கொண்டார். மூளையிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ வரும் நரம்பில் கோளாறு இருந்தால் பாதம் தன்னால் படபடவென்று துடிக்கும் என்றார். துடிக்கவில்லை. சட்டையைத் தூக்கி இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டைப் பார்த்தார். இரண்டு காலையும் சேர்த்து வைத்து நீளம் பார்த்தார். நடுநடுவே கேள்விகள். எத்தனை மாசத்தில் பிறந்தாள், உடனே அழுதாளா, எப்போது நடந்தாள், நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே இப்படியா, இல்லை நடுவில் வந்ததா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா, எத்தனை வார்த்தை பேசுகிறாள், வீட்டில் வேறு யாராவது சின்ன வயதில் இப்படி நடந்தார்களா. என் கணவர் கொஞ்சம் கூச்சத்தோடு, “நான் அப்படித்தான் நடப்பேன்னு எங்கம்மா சொல்வாங்க” என்றார். டாக்டர் சிரித்தார்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் “தானா சரியாயிடும்மா” என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டச் சொன்னார். குதிகால் தசைநாணை நீட்டுகிற பயிற்சி ஒன்றையும் சொல்லிக்கொடுத்தார். ஆறு வயதில் அவள் குதிகாலை ஊன்றி நடந்தாள். எப்போது மாறினாள் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

நான் வீட்டுக்கு எடுத்துவந்தது கடைசி இரண்டு வார்த்தையை மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்த பதினைந்து நிமிடத்தை அந்த டாக்டரின் அறையிலேயே விட்டுவிட்டேன். நாலு வருஷம் கழித்து அந்த இரண்டு வார்த்தையைத் தூக்கி, நான் பார்த்தே இராத ஒரு நடைக்குக் கொடுத்தேன். அது கொரோனா காலம். தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

நல்லதென்று நினைத்தவை

இன்று பின்னோக்கிப் பார்த்தால், அந்தப் பையன் எங்களிடம் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டேதான் இருந்தான். ஒன்றரை வயதில்தான் நடந்தான். “ஆம்பளப் பிள்ள கொஞ்சம் லேட்டாத்தான் நடக்கும்” என்றோம். நடக்க ஆரம்பித்தபோது குதிகாலை ஊன்றித்தான் நடந்தான். மூன்று வயதுக்குப் பிறகுதான் எக்க ஆரம்பித்தான். இந்த ஒரு விஷயத்தை நான் அன்று கேட்டிருந்தால்கூடப் போதும். என் மகள் முதல் நாளிலிருந்தே நுனிக்காலில் நடந்தவள், இவன் ஊன்றி நடந்துவிட்டு மாறியவன். வித்தியாசம் அங்கேயே இருந்தது. ஓடும்போது மற்ற பிள்ளைகள் மாதிரி காற்றில் பறக்க மாட்டான். வேகமாக நடக்கிற மாதிரிதான் இருக்கும். மாடிப்படியில் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவான். “பொறுமையான பிள்ளை” என்று பெயர் வாங்கினான்.

கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு கெட்டியாக இருக்கும். என் தங்கச்சி மாமியார் எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் “பயில்வான் காலு” என்று தட்டிக்கொடுப்பார். அந்தக் காலைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் உண்டு. அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. 2022 தொடக்கத்தில் காய்ச்சல் வந்து ரத்தம் சோதித்தபோது எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு நொதிகளும் மிக அதிகமாக இருந்தன. கல்லீரல் பாதிப்பு, மஞ்சள் காமாலையாக இருக்கலாம் என்றார் அங்கே பார்த்த டாக்டர். ஒரு மாதம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். எண்ணெய் இல்லை, உப்பு குறைவு, கடும் பத்தியம். கண் மஞ்சளாகவே இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன, தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். ஒரு பிள்ளையின் கெண்டைக்காலையும் அந்த ரத்த அறிக்கையையும் ஒரே மேசையில் ஒருவர் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

எங்கள் அம்மாவுக்கு வேறு ஒரு காரணம் இருந்தது. உட்காரவைத்து ஓட்டுகிற பிளாஸ்டிக் வாக்கர். “அதுல போட்டதுதான் இவனுக்கு இந்தப் பழக்கம். நடைவண்டி வாங்கிக் குடுங்கன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன்” என்பார். நடைவண்டியைத் தள்ளுகிற குழந்தை தன் எடையைத் தானே தாங்கி நிற்கும். வாக்கரில் தொங்குகிற குழந்தைக்கு நுனிக்கால் பட்டாலே வண்டி ஓடிவிடும். அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. வாக்கர் வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள், கனடாவில் 2004இலேயே தடை செய்துவிட்டார்கள். ஆனால் இவன் விஷயத்தில் அது காரணம் இல்லை. வாக்கர் மேல் பழி போட முடிந்ததால் வேறு காரணத்தை நாங்கள் தேடவில்லை.

கோகுலாஷ்டமி

தங்கச்சிக்கு 2022 ஜூனில் இரண்டாவது குழந்தை பிறந்தது, பெண். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் ஆவணி வரை அங்கேயே இருந்தாள். அதனால் அந்த வருஷம் கோகுலாஷ்டமிக்கு எல்லோரும் அம்மா வீட்டில் இருந்தோம்.

எங்கள் வீட்டில் கிருஷ்ணர் பாதத்தை எப்போதும் கையால்தான் வைப்பார்கள். கையை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாக்கரைசலில் தோய்த்து ஒரு அச்சு, மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு. அந்த வருஷம் அம்மாவுக்கு ஒரு ஆசை. “வீட்டுலயே கிருஷ்ணன் இருக்கும்போது கை எதுக்கு” என்று பேரனின் காலைத் தாம்பாளத்தில் இருந்த மாவில் முக்கி, வாசலிலிருந்து சாமி அறை வரைக்கும் நடக்கவிட்டார். வேட்டி கட்டி, மயிலிறகு வைத்து, அவன் சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டே நடந்துபோனான். நாங்கள் கைதட்டினோம். நான் வீடியோ எடுத்தேன்.

அம்மா பின்னாலேயே வந்து குனிந்து பார்த்தார். சிவப்பு சிமென்ட் தரையில் வரிசையாகப் பாதங்கள். எல்லாம் பாதிப் பாதங்கள். ஐந்து விரல், அதற்குக் கீழே பந்து மாதிரி ஒரு மேடு, அவ்வளவுதான். குதிகால் எங்கேயும் விழவில்லை. மாவு நிறையத்தான் இருந்தது, முக்கும்போது குதிகாலிலும் ஒட்டியிருந்தது, ஆனால் தரை அதைத் தொடவே இல்லை. அம்மா கீழே உட்கார்ந்தார். முதல் பாதத்துக்குக் கையை மடக்கிக் குதிகால் வைத்தார். இரண்டாவதற்கு வைத்தார். மூன்றாவதற்கு வைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

“எந்தம்பி காலும் இப்படித்தான்டி இருந்துச்சு.”

எங்கள் சின்ன மாமாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பதினேழு வயதில், 1983இல் இறந்துபோனார். இளம்பிள்ளை வாதம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்தில் கால் விளங்காத பிள்ளை என்றால் போலியோ, ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் அப்படி இருந்தார்கள், யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்கு நான்தான் கேட்டேன். “காய்ச்சல் வந்துதான் கால் போச்சாம்மா?” அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “காய்ச்சலெல்லாம் இல்ல. மெல்ல மெல்லத்தான் போச்சு. மொதல்ல எக்கி எக்கி நடந்தான். அப்புறம் விழுந்து விழுந்து எந்திரிச்சான். எந்திரிக்கும்போது தன் காலத் தானே புடிச்சு ஏறுவான். பத்து வயசுல நடக்கிறது நின்னுபோச்சு. தூக்கிட்டுத்தான் போவோம்.” போலியோ அப்படி வராது. அது காய்ச்சலோடு வந்து சில நாளில் காலை முடக்கிவிட்டுப் போகும். வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போகாது.

சாமி அறை வாசலில் அவன் உட்கார்ந்திருந்தான். சீடை டப்பாவைக் காட்டி, எழுந்து வரச் சொன்னேன். முதலில் கவிழ்ந்து நாலு காலில் நின்றான். பின்புறத்தைத் தூக்கினான். ஒரு கையை முழங்காலில் வைத்தான், அடுத்த கையை அடுத்த முழங்காலில் வைத்தான். பிறகு தொடை, அப்புறம் இடுப்பு. தன் உடம்பின் மேலேயே கையை ஊன்றி ஊன்றி ஏறி நிமிர்ந்தான். நிமிர்ந்ததும் சிரித்துக்கொண்டே சீடைக்குக் கையை நீட்டினான். தங்கச்சி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தினமும் பார்க்கிற காட்சிதான் அது. அன்று அம்மாவின் முகத்தையும் சேர்த்துப் பார்த்தாள்.

ஒரு ரத்தச் சோதனை

அப்படி எழுவதை லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879இலேயே விவரித்து எழுதிவிட்டார். அதனால் அதற்கு அவர் பெயர்தான். அதைப் பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு தரையும் உட்கார்ந்து எழ ஒரு குழந்தையும் போதும். அடுத்த வாரம் நாங்கள் போன குழந்தை நரம்பியல் மருத்துவர் முதலில் செய்ததும் அதைத்தான். அவனைத் தரையில் உட்காரவைத்தார், எழுந்ததைப் பார்த்தார், கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறுகிற நொதியை அளக்கும் சிபிகே என்ற ஒரே ஒரு ரத்தச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். இருநூறுக்குள் இருக்க வேண்டியது பதினாலாயிரத்துக்கு மேல் இருந்தது. ஒரு சாதாரண லேபில், சில நூறு ரூபாயில், மறுநாளே வந்துவிட்ட விடை அது. பிறகு மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினோம். டுஷேன் தசைச் சிதைவு நோய்.

3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது இது. தசை நார் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் கிழிந்துபோகாமல் தாங்குகிற டிஸ்ட்ராபின் என்ற புரதம் இவர்கள் உடம்பில் உருவாவதில்லை. அதற்கான மரபணுவை 1980களின் பிற்பாதியில்தான் கண்டுபிடித்தார்கள். 79 துண்டுகள் கொண்ட அது, மனித உடம்பின் மிக நீளமான மரபணுக்களில் ஒன்று. இவனுக்கு அதில் 45 முதல் 50 வரை ஆறு துண்டுகள் இல்லை. கிழிந்த தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து அடைகின்றன. நாங்கள் தட்டிக்கொடுத்த பயில்வான் கால் அதுதான்.

அவன் ஏன் எக்கி நடக்கிறான் என்று டாக்டர் விளக்கியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முதலில் பலம் குறைவது இடுப்பிலும் தொடையிலும். தொடை தாங்காவிட்டால் முழங்கால் மடிந்து விழ வேண்டியதுதான். விழாமல் இருக்க, வயிற்றை முன்னால் தள்ளி, முதுகை வளைத்து, நுனிக்காலில் நின்று, உடம்பின் எடை முழங்காலுக்கு முன்னால் விழுகிற மாதிரி அவனே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அதுதான் அவனை நிற்கவைக்கிறது. அவசரப்பட்டுக் குதிநாணை வெட்டி நீட்டுகிற ஆபரேஷன் செய்தால் குதிகால் தரையைத் தொடும், ஆனால் பையன் நடப்பதையே இழக்கக்கூடும் என்றார். மூன்றரை வயதுப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் தன் உடம்பைத் தாங்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. நாங்கள் அவனிடம் ஒரு நாளைக்கு ஐம்பது முறை “குதிகாலை ஊன்றி நட” என்று அதட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த நோய்க்கு முழுமையான சிகிச்சை இன்னும் இல்லை. அப்படியென்றால் பதினாலு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று சொந்தக்காரர் ஒருவர் ஆறுதலாகத்தான் கேட்டார். அந்த ஆறுதலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஸ்டீராய்டு மருந்து நடக்கிற காலத்தை நீட்டிக்கும், மூச்சையும் காப்பாற்றித் தரும். தசை நிறைய போவதற்கு முன்னால் எப்போது ஆரம்பிப்பது என்று டாக்டரோடு உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்திருக்கும். ராத்திரி பாதத்தை நேராகப் பிடித்துவைக்கப் போடுகிற தாங்கு பட்டையை, தினசரி தசைநீட்டலை முன்னாலேயே தொடங்கியிருக்கலாம். கீழாநெல்லிப் பத்தியத்தில் ஒரு குழந்தை ஒரு மாதம் வாடியிருக்காது. இன்னொன்று, என் தங்கச்சி இரண்டாவது குழந்தை உண்டானது நான் போனில் பேசிய மூன்றாவது மாதம். தெரிந்திருந்தால் அவளும் அவள் கணவரும் என்ன முடிவெடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல முடியாது. அந்த முடிவு அவர்களுடையதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். இந்த நோயில் முதல் அறிகுறிக்கும் நோய் உறுதியாவதற்கும் நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிப்போவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த நாடுகளில் எல்லாம் என்னைப் போல ஓர் அக்கா இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

காத்திருப்புக் கூடம்

பயிற்சிக்காக மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான், ஒரே மாதிரி நடை எத்தனை வெவ்வேறு இடத்திலிருந்து புறப்பட்டு வருகிறது என்று கண்ணால் பார்த்தேன். பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை, ஏழாம் மாதத்தில் பிறந்தவள். அவள் கால் இரண்டும் விறைத்து, நடக்கும்போது கத்தரி மாதிரி ஒன்றையொன்று குறுக்கிடும். மூளை வாதம். குறைமாதத்தில் மூளையின் உட்பகுதியில் ஏற்பட்ட காயம், கெண்டைக்காலை இறுக்கச் சொல்லி ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவளுக்கு மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டுக் குதிகாலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். எதிர் வரிசையில் ஒரு பையன், டைல்ஸ் தரையில் கால் முழுதாகப் பட்டால் சூடு பட்ட மாதிரி எடுத்துவிடுவான், அவன் அம்மா கொண்டுவரும் கோரைப்பாயில் மட்டும் ஊன்றுவான். ஆட்டிசம். அவன் தசையிலும் எலும்பிலும் எந்தக் குறையும் கிடையாது.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது எட்டு வயதுப் பெண் ஒருத்தி. அவள் எக்கியது ஒரு காலில் மட்டும், அதுவும் ஏழு வயதுக்குப் பிறகு. கூடவே ராத்திரியில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். வீட்டில் அடி வாங்கியிருக்கிறாள். இடுப்புக்கு மேல் முதுகில் கொத்தாக முடி இருந்ததை அவள் பாட்டி அதிர்ஷ்ட மச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். தண்டுவடத்தின் நுனி கீழே ஒட்டிக்கொண்டு, பிள்ளை உயர உயர இழுபட்டிருக்கிறது. ஆபரேஷன் செய்து விடுவித்தார்கள். ஒரே காலில் எக்குகிற குழந்தையைப் பார்த்தால் எப்போதும் காரணம் தேட வேண்டும் என்று அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் சொன்னார். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகி, யாரும் கவனிக்காமல் ஒரு கால் குட்டையாகிப்போன குழந்தையும் அப்படித்தான் நடக்குமாம்.

அவர் சொன்ன இன்னொன்றை நான் யாரிடம் பேசினாலும் சொல்கிறேன். காலையில் நன்றாக நடந்து, பொழுது சாயச் சாயக் கால் முறுக்கிக்கொண்டு நுனிக்காலுக்குப் போகிற குழந்தைகள் அபூர்வமாக உண்டு. ஜப்பானிய மருத்துவர் செகாவா 1970களில் விவரித்த நோய் அது. மூளையில் டோபமின் என்ற ரசாயனம் போதவில்லை என்பதுதான் காரணம். பல பேருக்கு மூளை வாதம் என்றே முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்தக் குழந்தைக்குச் சிறிய அளவு லெவோடோபா மாத்திரை கொடுத்தால் நடை நேராகிவிடும். காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசத்தை டாக்டரின் அறையில் பார்க்க முடியாது. அம்மா சொன்னால்தான் உண்டு.

எங்கள் ரத்தம்

தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் சோதித்தார்கள். அந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். இருவரிடமும் அதே ஆறு துண்டுகள் ஒரு எக்ஸில் இல்லை. பெண்களுக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் பெரும்பாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது, ஆனால் இதயத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அறுபது வயது தாண்டிய அம்மாவுக்கு அப்போதுதான் முதன்முதலாக எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தோம். சின்ன மாமாவை 1983இல் புதைத்த இடத்தில் போலியோ என்ற வார்த்தையையும் சேர்த்துப் புதைத்திருந்தோம். இந்தியா 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டபோது அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. “என் தம்பிக்குத்தான் குடுத்து வைக்கல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. எனக்கு இருந்தால் என் மகளுக்கும் இருக்கலாம். முடிவு வர மூன்று வாரம் ஆனது. என்னிடம் இல்லை. அந்தக் காகிதத்தை நான் தங்கச்சிக்கு அனுப்பவில்லை, நேரில் போய்த்தான் சொன்னேன். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளைக்கா, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். நான் அன்றுதான் அவளிடம் அந்த ஜூன் மாத போனைப் பற்றிப் பேசினேன். பார்க்காமலேயே சொல்லிவிட்டேன் என்றேன். அவள் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகும் தினமும் பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சை மட்டும் இருவருமே திரும்ப எடுக்கவில்லை. கைக்குழந்தைக்கு, அதாவது அவள் மகளுக்கு, சோதனை செய்ய வேண்டாம், வளர்ந்து அவளே கேட்கும்போது செய்துகொள்ளட்டும் என்று டாக்டர் சொன்னதைத் தங்கச்சி அப்படியே கேட்டுக்கொண்டாள்.

இப்போது யாராவது என்னிடம் “பிள்ளை எக்கி நடக்குது” என்றால் எனக்கு முதலில் வாயை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. பிறகு கேள்வி கேட்கிறேன். ஆரம்பத்திலிருந்தா, நடுவிலா? ஒரு காலா, இரண்டு காலா? கேட்டால் குதிகாலை ஊன்றி நிற்குமா? குறைமாதமா? பேச்சு எப்படி? மாடி ஏறுமா? தரையில் உட்காரவைத்து எழச் சொல்லி வீடியோ எடுத்து வைத்துக்கொள், அதை டாக்டரிடம் காட்டு, செருப்பையும் எடுத்துக்கொண்டு போ என்று சொல்கிறேன். ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போன மாதம் இப்படிக் கேட்டுவிட்டு, “ஏன் அக்கா பயமுறுத்துறீங்க, தானா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்களே” என்றாள். ஆகிவிடும், பார்த்தவர் ஒருவர் அதைச் சொல்லட்டும் என்றேன். அவள் மகனை டாக்டர் பார்த்தார். அவனுக்கு ஒன்றும் இல்லை. அவள் என்மேல் கொஞ்ச நாள் கோபமாக இருந்தாள். இருக்கட்டும்.

இந்த வருஷ கோகுலாஷ்டமிக்கும் அம்மா வீட்டில்தான் கூடினோம். அவனுக்கு ஏழரை வயது. ஸ்டீராய்டால் முகம் உப்பியிருக்கிறது, பசி அதிகம், உயரம் கூடவில்லை. தட்டையான தரையில் நடக்கிறான், படி மட்டும் நாங்கள் தூக்குகிறோம். அம்மா இந்தத் தடவை யார் காலையும் மாவில் முக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து கையை மடக்கி அச்சு வைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தார். அவன் பக்கத்தில் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு அச்சுக்கும் மேலே ஆள்காட்டி விரலால் ஐந்து பொட்டு வைத்துக்கொண்டு வந்தான். பாட்டி ஒரு அச்சை வைத்துவிட்டு அவசரத்தில் தானே விரலையும் வைத்தபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். “பாட்டி, இது இடது கால். பெரிய விரல் இந்தப் பக்கம் வரணும்.” அம்மா முந்தானையால் அதை அழித்துவிட்டு மறுபடி வைத்தார்.